வீணையை லோரியில் அனுப்பும்போது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பினாங்குக்கு வீணை அனுப்ப வழி கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: வெயிலுக்குப் பயப்படுங்கள், இடிபடுவதை அப்புறம் பார்க்கலாம். 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகள்) மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மூடிய லோரிக்குள் மத்தியானச் சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், சுருதி போகும். திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப மெழுகில் பதிக்க, ஆள் கிடைப்பது இங்கே லேசில்லை. அதனால் ராத்திரி கிளம்பும் லோரியாகக் கேளுங்கள்.

நீளமான தண்டிக்கு அடியில் மாட்டியிருக்கும் சுரைக்காயைக் கழற்றி, துணி சுற்றித் தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தலாம். முழுதாக அவிழ்க்க வேண்டாம். தந்திகளைத் தாங்கும் குதிரையை இடத்தில் பிடித்து வைப்பதே அந்த இறுக்கம்தான். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே மெல்லிய துணி போதும்.

பாரம் முழுக்கக் குடத்தில், அதாவது வீணையின் பெரிய உருண்டைப் பகுதியில். அதன் வளைவுக்கேற்ப ஸ்பாஞ்சை வெட்டிப் பெட்டியில் பதியுங்கள். ஒட்டு வீணை (பாகங்களைத் தனித்தனியாகச் செய்து ஒட்டியது) என்றால் குடமும் தண்டியும் சேரும் இடத்துக்கு அடியிலும் தாங்கல் கட்டாயம். ஏகாண்டம் (ஒரே மரத்தில் குடைந்தது) என்றால் இந்தக் கவலை குறைவு. தண்டியின் முனையிலுள்ள யாளி முகம் எந்தப் பக்கமும் பெட்டியைத் தொடக்கூடாது, தந்தியை முறுக்கும் பிரடைகளும் அப்படியே. மூடியபின் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே அசைந்தால் மறுபடி திறந்து இடைவெளியை அடையுங்கள்.

சரி, ‘மூடா பெச்சா’ (மலாயில் ‘எளிதில் உடையும்’) ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தூக்குபவர்கள் படிப்பார்களா என்பது வேறு விஷயம். இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்தால் படிக்காதவரும் ஒழுங்காகத் தூக்குவார்.