லைடார் புள்ளிகளைக் கேமரா படத்தின் மீது பொருத்துவது எப்படி?

லேசர் கற்றையால் அளக்கும் கருவியான லைடார் தூரத்தைத் துல்லியமாக அளந்து தருமே தவிர, எதிரே இருப்பது மனிதரா தூணா என்பதைத் தெளிவாகக் காட்டாது. கேமராவோ பொருளைக் காட்டும், தூரத்தை நேரடியாகத் தராது. ஆகவே ஒவ்வொரு லைடார் புள்ளியும் படத்தில் எங்கே விழுகிறது என்பதைக் கணக்கிட்டு இரண்டையும் இணைக்கிறோம். இரு கருவிகளும் ஒரு ரோபோவில் பொருத்தப்பட்டு, ரோபோக்களுக்கான மென்பொருள் கட்டமைப்பான ராஸ் 2 (ROS 2) நிறுவப்பட்டு, இரண்டின் தரவும் வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. கேமராவின் குவியத் தூரத்தையும் லென்ஸ் திரிபையும் ஓபன்சிவி (OpenCV) என்ற பட ஆய்வு மென்பொருள் நூலகத்தின் சதுரங்கப் பலகை முறையில் கண்டறியுங்கள். தானியங்கிக் குவியத்தை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பலகையைப் படத்தின் மூலைகள் வரை கொண்டு சென்று, பல கோணங்களில் சாய்த்துப் படமெடுங்கள்.

2. லைடாரிலிருந்து கேமராவுக்கான சுழற்சி 3, இடப்பெயர்ச்சி 3 என மொத்தம் 6 எண்களைக் கண்டறியுங்கள். பலகை இல்லாமலே இதைச் செய்யும் மென்பொருள்கள் இருந்தாலும், பிழையைக் கண்ணால் சரிபார்க்க முடிவதால் பலகை முறையையே நான் விரும்புகிறேன். ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத மூன்று நிலைகளிலாவது பலகையை வைக்க வேண்டும். இடப்பெயர்ச்சியில் 1 செ.மீ. தவறினால் அது எத்தனை தொலைவிலும் 1 செ.மீ. தவறாகவே இருக்கும், ஆனால் சுழற்சியில் 1 பாகை தவறினால் 10 மீட்டர் தொலைவில் புள்ளி ஏறத்தாழ 17 செ.மீ. விலகிவிடும். ராஸ் மரபில் ரோபோவின் எக்ஸ் அச்சு முன்னோக்கியும் இசட் அச்சு மேல்நோக்கியும் இருக்கும். கேமராவின் ஒளியியல் சட்டகத்திலோ (கேமராவுக்கான அச்சுத் தொகுதியிலோ) இசட்தான் முன்னோக்கும், ஒய் கீழ்நோக்கும். இந்த மாற்றத்தை மறந்தால் புள்ளிகள் படத்திற்குள்ளேயே வராமல் போகக்கூடும்.

3. நேரத்தைச் சரிபாருங்கள். என்னைப் பல நாட்கள் திணறவைத்தது இந்தப் படிதான். ரோபோ நிற்கும்போது கச்சிதமாகப் பொருந்திய புள்ளிகள், அது திரும்பியதும் பக்கவாட்டில் நழுவின. நானோ இரண்டாம் படியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். விநாடிக்கு 10 முறை சுழலும் லைடார் ஒரு சுற்றை முடிக்க 0.1 விநாடி ஆகும். அதற்குள் விநாடிக்கு 60 பாகை வேகத்தில் திரும்பும் ரோபோ 6 பாகை திரும்பிவிடுவதால், 5 மீட்டர் தொலைவில் அரை மீட்டருக்கு மேல் பிழை வரும். இதற்கு மேல், பல கேமரா இயக்கி மென்பொருள்கள் ஒளி பதிவான கணத்தை விட்டுவிட்டு, படம் கணினியை அடைந்த கணத்தையே நேரமுத்திரையாகப் பதிக்கின்றன. நேரமுத்திரைகளை ஒப்பிட்டு இணை சேர்க்கும் வடிகட்டியால் முத்திரையே தவறாக இருப்பதைக் கண்டுகொள்ள முடியாது.

நின்றபோதும் விலகல் இருந்தால் முதல் இரண்டு படிகளில் பிழை தேடுங்கள். திரும்பும்போது மட்டும் விலகினால் நேரத்தில் தேடுங்கள். கேமராவை வன்பொருள் தூண்டலால் (படமெடுக்கும் கணத்தை மின் சமிக்ஞையால் குறித்து) இயக்கி, இரு கருவிகளின் கடிகாரங்களையும் ஒத்திசைத்து, ஒவ்வொரு லைடார் புள்ளியையும் அது அளக்கப்பட்ட கணத்தின் ரோபோ நிலையைக் கொண்டு திருத்த வேண்டும்.

பிற்சேர்க்கை: படத்தில் இல்லாத பொருள்களின் புள்ளிகளும் தோன்றுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கேமராவுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளையும் ஓபன்சிவியின் வீழ்த்தல் சார்பு கணக்கிட்டுப் படத்திற்குள் போட்டுவிடும். ஆகவே கேமரா சட்டகத்தில் இசட் மதிப்பு சுழியமாகவோ அதற்குக் கீழாகவோ உள்ள புள்ளிகளை முன்பே நீக்கிவிடுங்கள்.

பலகையின் விளிம்பில் மிதக்கும் புள்ளிகளைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். லேசர் கற்றையின் ஒரு பகுதி பலகையிலும் மறுபகுதி பின்சுவரிலும் படும்போது இடைப்பட்ட தூரம் பதிவாவதால் அவை உண்டாகின்றன. விளிம்பை ஒட்டிய புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, உட்பகுதியை மட்டும் கொண்டு பலகையின் தளத்தைக் கணக்கிடுங்கள்.