ஆலை நின்ற கரையில் பூங்கா: பழைய சாமானை வைத்து எப்படிக் கட்டுவது

ஆற்றங்கரையில் மூடிக் கிடக்கும் ஆலையைப் பூங்காவாக்கும் வேலை கைக்கு வந்தால், எல்லோரும் முதலில் பேப்பரை விரித்து நடைபாதையும் புல்வெளியும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். வரையாதீர்கள். ஒரு நோட்டு, ஒரு டேப், கொஞ்சம் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கணக்கெடுங்கள்: தூண் எத்தனை, தூலம் எத்தனை, எது எவ்வளவு நீளம், எது துருவேறி ஓட்டை விழுந்தது, எது தட்டினால் கணீரென்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் எழுதுங்கள். இடிக்கும் கான்ட்ராக்டர் வருவதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் அவருக்கு இரும்பு என்றால் டன் கணக்கு, நீங்கள் ஆசைப்பட்ட தூண் மறுநாள் பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாகக் கிடக்கும்.

நியூயார்க்கின் புரூக்ளின் கரையில் 2018இல் திறந்த டோமினோ பூங்காவைப் பாருங்கள். 2004இல் மூடிய சர்க்கரை ஆலையின் இடம் அது. கச்சா சர்க்கரைக் கிடங்கின் 21 தூண்கள், பாகு ஊற்றி வைத்திருந்த தொட்டிகள், சுமார் 80 அடி உயரக் கிரேன்கள், கப்பலைக் கட்டும் இரும்புக் குற்றிகள் எல்லாம் அங்கேயே நிற்கின்றன. வடிவமைத்த ஜேம்ஸ் கார்னர் ஃபீல்ட் ஆபரேஷன்ஸ் நிறுவனத்தார் அவற்றை ஒரு மூலையில் காட்சிக்கு ஒதுக்காமல், ஜனங்கள் நடக்கிற பாதையையே அவற்றினூடே கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் வித்தை. பழைய பொருளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தாங்கட்டும், நிழல் தரட்டும், உட்கார இடமாகட்டும். சும்மா பெயிண்ட் அடித்து நிறுத்திவைத்த இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தடவை போட்டோ எடுப்பார்கள், அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது மண். இதில் அவசரம் கூடாது. சியாட்டிலில் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலை 1956இல் நின்றுபோனது, அந்த இடத்தை ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் பூங்காவாக்கினார், 1975இல் திறந்தது. இடிபாட்டையெல்லாம் குவித்து மேலே நல்ல மண் போட்டு ஒரு குன்றே எழுப்பினார், இன்று பட்டம் விடும் இடம் அதுதான். எண்ணெய் ஊறிய மண்ணில் கழிவுநீர்ச் சேற்றையும் மரத்தூளையும் கலந்து, நுண்ணுயிரிகளே அதைத் தின்று தீர்க்கட்டும் என்று விட்டார். நல்ல யோசனைதான், ஆனாலும் 1984இல் மண்ணில் நச்சு இருக்கிறதென்று பூங்காவைக் கொஞ்ச காலம் மூட வேண்டி வந்தது. ஆகவே மண்ணை மேலாக மட்டும் அள்ளிச் சோதிக்காதீர்கள், ஆழத்திலும் எடுங்கள், கரையோரத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் சேற்றையும் எடுங்கள்.

மரத்துக்கு வருவோம், என் ஆசை எல்லாம் இதில்தான். புரூக்ளின் பிரிட்ஜ் பூங்காவில் பெஞ்சுகள் செய்ய, அங்கே இடித்த பழைய குளிர்பதனக் கிடங்கின் லாங்லீஃப் பைன் தூலங்களையே அறுத்தார்கள். மெதுவாக வளர்ந்த மரம், வளையங்கள் நெருக்கமாக இருக்கும், பிசின் ஏறிக் கனத்துக் கிடக்கும். வெளியே சாம்பல் நிறத்தில் செத்தது போலத் தெரிகிற தூலத்தை ஒரு இழை இழைத்தால் உள்ளே செம்மஞ்சள் நிறம் எழும்பி, பிசின் வாசனை வரும். ஆனால் ரம்பத்தில் வைப்பதற்கு முன் மெட்டல் டிடெக்டரை நாலு பக்கமும் ஓட்டுங்கள். தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஒரே ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. எடுத்த ஆணியின் ஓட்டையை அடைக்க வேண்டாம், அதைச் சுற்றியிருக்கும் கறுப்புக் கறைதான் அந்தப் பெஞ்சுக்கு அழகு.

எல்லா மரத்தையும் இப்படி எடுக்க முடியாது. ரயில் தண்டவாளக் கட்டையிலும் பழைய படகுத்துறைக் கம்பங்களிலும் மரம் மக்காமல் இருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெயைப் பெரும்பாலும் ஏற்றியிருப்பார்கள். வெயில் பட்டால் தார் நாற்றத்தோடு கசியும், புற்றுநோய்க்கும் வழி. உட்காரும் இடம், குழந்தைகள் விளையாடும் இடம், பாத்தி, எதற்கும் வேண்டாம். பழைய இரும்பில் ஈயப் பெயிண்ட் இருக்கும், உலர்வாகச் சுரண்டினால் தூசி காற்றில் பறக்கும், முறையாகச் செய்யத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

கான்கிரீட் இடிபாடு சுலபம். கல்நார் கலக்கவில்லை என்று பரிசோதித்துவிட்டு, கம்பிக்கூண்டில் நிரப்பினால் சுவர் தயார். சிட்னியில் எண்ணெய்த் தொட்டிகள் நின்ற பேலஸ்ட் பாயின்ட் பூங்காவில், 2009இல் திறந்தது, இப்படிக் கட்டிய சுவர்கள் இருக்கின்றன. முகப்பில் தெரியும் வரிசையை மட்டும் கையால் அடுக்கச் சொல்லுங்கள், மண்வெட்டியால் கொட்டினால் குப்பைத்தொட்டி மாதிரிதான் இருக்கும்.

தண்ணீர் தொடும் விளிம்பில்தான் காசு கரையும். புரூக்ளின் பிரிட்ஜ் பூங்காவின் பழைய துறைமேடைகள் ஆயிரக்கணக்கான மரக் கம்பங்களின் மேல் நிற்கின்றன. ஆறு சாக்கடையாக இருந்தவரை மரம் அரிக்கும் கடல்புழுக்கள் அண்டவில்லை, தண்ணீர் சுத்தமானதும் திரும்பி வந்துவிட்டன! ஆற்றைச் சுத்தம் செய்ததற்குக் கிடைத்த பரிசு. எனவே மேலே என்ன வைப்பது என்று முடிவெடுப்பதற்கு முன் முக்குளிக்கத் தெரிந்தவரை இறக்கிக் கம்பங்களைப் பாருங்கள். வலுவில்லாத மேடையில் மண்ணும் மரமும் ஏற்ற வேண்டாம், பந்து விளையாட விட்டால் போதும். வெள்ளமட்டத்தை 2012இல் வந்த சாண்டி புயலை மனதில் வைத்துத்தான் அங்கே இப்போது கணக்கிடுகிறார்கள். விளக்கு, மின்பெட்டி எல்லாம் அதற்கு மேலே போகட்டும், கீழே நனைந்தால் பரவாயில்லை என்கிற கல்லும் புல்லும் மட்டும்.

கடைசியாக ஒன்று: வேலை முடிந்ததும் மிஞ்சிய தூலங்களை விற்றுவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டையாவது பூங்காவின் பின்கட்டில், கூரைக்கு அடியில், தரையில் படாமல் கட்டை வைத்து அடுக்குங்கள். அஞ்சு வருஷம் கழித்து ஒரு பெஞ்சுப் பலகை பிளந்தால் அந்த மரம் எந்தக் கடையிலும் கிடைக்காது.