விண்டோஸில் கம்பைல் செய்யும் வழிகளை எழுதி வைப்பது எப்படி?

சி++ திட்டம் ஒன்றை விண்டோஸில் கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக மாற்ற, பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால், படிப்பவர் இதில் பாதி அதில் பாதி எடுத்து மாட்டிக்கொள்வார். தானியங்கிச் சோதனை எந்த வழியில் நாள்தோறும் ஓடுகிறதோ, அதை மட்டும் 'ஆதரவு உண்டு' என்று எழுதுங்கள். யாருக்கோ ஒருமுறை ஓடிய வழி தனிப்பக்கத்துக்குப் போகட்டும்.

மைக்ரோசாஃப்டின் விசுவல் ஸ்டுடியோ வழி எளிது. பதிப்பு எண், சி++ டெஸ்க்டாப் தொகுப்பு, '64 பிட் நேட்டிவ் டூல்ஸ்' கமாண்ட் பிராம்ப்ட் ஆகிய மூன்றையும் சொன்னால் போதும். சாதாரண கமாண்ட் பிராம்ப்டில் கம்பைலர் இருக்கும் பாதை தெரியாது; அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

எம்சிஸ்2 (விண்டோஸில் லினக்ஸ் பாணிக் கருவிகளைத் தரும் தொகுப்பு) வழிக்குக் கூடுதல் விளக்கம் தேவை. நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் யூசிஆர்டி64, கிளாங்64, எம்சிஸ் எனப் பல ஐகான்கள் வரும்; ஒவ்வொன்றும் தனிச் சூழலோடு ஒரு ஷெல்லை (கட்டளைச் சாளரத்தை) திறக்கும். எதைத் திறக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெரும்பாலான திட்டங்களுக்கு யூசிஆர்டி64 சரி. எம்சிஸ் ஷெல்லின் சொந்த ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்தால், உருவாகும் நிரல் எம்சிஸின் டிஎல்எல் (நிரல் ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லாத கணினியில் திறக்காது. அடுத்து, எம்சிஸ்2-இல் பொதிகளை நிறுவும் கருவியான பேக்மேனில் முழு அப்டேட். நடுவில் ஷெல் மூடச் சொன்னால் மூடித் திறந்து மறுபடி ஓட்ட வேண்டும். பிறகு கம்பைலர், பில்ட் கருவிகளான சிமேக், நிஞ்ஜா ஆகிய மூன்றையும் யூசிஆர்டி முன்னொட்டுள்ள பொதிகளாகவே நிறுவச் சொல்லுங்கள்.

பிழைகளுக்குத் தாராளமாக இடம் ஒதுக்குங்கள். விசுவல் ஸ்டுடியோவில் கட்டிய சி++ லைப்ரரியை ஜிசிசியோடு லிங்க் செய்ய முடியாது. இரண்டும் ஃபங்ஷன் பெயர்களைக் குறிக்கும் முறையே வேறு. கம்பைலரை மாற்றினால் பில்ட் ஃபோல்டரை அழிக்க வேண்டும், சிமேக் பழையதையே நினைவில் வைத்திருக்கும். ஷெல்லில் ஓடும் நிரல் டபுள் கிளிக்கில் 'டிஎல்எல் இல்லை' என்றால், தேவையான டிஎல்எல்கள் நிரலின் பக்கத்தில் இல்லை என்று பொருள்.

பாதையும் முக்கியம். 260 எழுத்து வரம்பைத் தாண்டும் ஆழமான ஃபோல்டர்கள் பல கருவிகளில் உடையும். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவரின் ஹோம் ஃபோல்டரிலும் சில கருவிகள் தடுமாறும். சி டிரைவின் வேரிலேயே, இடைவெளியில்லாத சிறிய ஆங்கிலப் பெயரில் ஃபோல்டர் வைக்கச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும், புதிதாக நிறுவிய விண்டோஸ் மெய்நிகர் கணினியில் உங்கள் பக்கத்தை மட்டும் பார்த்து வரிக்கு வரி செய்து பாருங்கள். விடுபட்ட பொதி ஒன்றாவது அங்கே அகப்படும்.