புது மோட்டர் போட்டும் சருகை இழுக்காத இயந்திரம்

பங்குனியில் வேம்புகள் இலை உதிர்க்கும் நாட்களில், கோண்டாவிலில் எங்கள் வளவைத் துப்புரவாக்கும் சருகு உறிஞ்சி கருகிய மணத்துடன் நின்றுவிட்டது. வயர், சுவிச், மோட்டரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் காபன் பிரஷ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றியும் பயனில்லை. பின்னர் அந்தச் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் செப்புத் தகடுகளை மல்டிமீற்றரால் சோடி சோடியாக அளந்தபோது, ஓரிடத்தில் மட்டும் மின்தடை பல மடங்கு கூடியிருந்தது. உள்ளே சுருள் அறுந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

நகரில் வாங்கிய 230 வோல்ட் மோட்டரைப் பொருத்தினேன். இரைச்சல் முன்போலவே இருந்தது, ஆனால் காய்ந்த வேப்பிலையைக்கூட அது அரைகுறையாகவே இழுத்தது. பையைத் தோய்த்தும், குழாய்ப் பொருத்துகளுக்கு நாடா ஒட்டியும் இரண்டு நாட்கள் வீணாயின.

மூன்றாம் நாள் விசிறியில் சோக்கால் ஒரு கோடு போட்டு, இயந்திரத்தை நிறுத்தியபின் அது ஓய்வதைக் கவனித்தேன். உறையில் வார்க்கப்பட்டிருந்த அம்புக்குறிக்கு எதிராக அது சுழன்றது. காற்றை நடுவில் இழுத்து விளிம்பால் வீசும் இவ்வகை விசிறி எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்றை அதே வழியிலேயே தள்ளும், வலு மட்டுமே குறையும். வெளியே ஊதியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

பிளக்கில் வயர்களை மாற்றுவதால் இந்த மோட்டரின் திசை மாறாது. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, இரு பிரஷ்களுக்கும் செல்லும் வயர்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டினேன். எதிர்ச்சுழற்சியில் இளகியிருந்த விசிறி நட்டையும் இறுக்கி, பிரஷ்களில் தீப்பொறி மிகவில்லை என்பதைப் பார்த்த பின்னரே உறையை மூடினேன். அன்று மாலையே வளவுச் சருகு முழுவதும் பைக்குள் சேர்ந்தது பெரும் ஆறுதல்.