ரவுண்டானா நீரூற்றும் கல்வெட்டுப் பிழைகளும்

காவிரி டெல்டாவில் ஓர் ஊருக்குக் கரிகாலன், கல்லணை நினைவாக ரவுண்டானாவில் நீரூற்று வைக்கும் ஆசை வந்துவிட்டால், பேச்சு முதலில் மோட்டாரையும் கலர் விளக்கையும் பற்றித்தான். கல்வெட்டில் என்ன எழுதுவது என்பது திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் நினைவுக்கு வரும். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் நுழைகின்றன.

கல்லணைக்கு 'கி.பி. 150' என்று ஆண்டு பொறிக்காதீர்கள். மரபு அதைச் சங்ககாலக் கரிகாலனுக்குத் தருகிறது. 'சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்' என்றாலே போதும். 'ஆர்தர் காட்டன் கட்டிய கல்லணை' என்பது இதற்கு நேரெதிரான பிழை. ஆங்கிலேயப் பொறியாளரான அவர் கல்லணையைப் பார்த்துப் பாடம் படித்தவர். 1830-களில் அவர் கட்டியவை முக்கொம்பு மேலணையும் அணைக்கரை கீழணையும். கொள்ளிடம் பள்ளமானது, தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் சரிய, காவிரி மணல்மேடிட்டுக் கிடந்தது. அதைச் சரிசெய்ய வந்ததுதான் மேலணை.

அப்புறம் நீரூற்றில் வைக்கும் நான்கு தாரைகள். நடுவில் கரிகாலன் சிலை, சுற்றிலும் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு. பார்க்க அழகுதான். ஆனால் புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் திட்டத்தோடு 1930-களில் வந்தது. கரிகாலன் காலடியிலிருந்து அதையும் பீய்ச்சவிட்டால், பார்க்கிற பிள்ளை அதுவும் அவன் வெட்டியது என்றே நினைக்கும். அந்தத் தாரையின் கீழே '1934' என்று சின்னதாக ஒரு பலகை வையுங்கள்.

'சோழர்' என்ற ஒரே சொல்லுக்குள் கரிகாலனையும் ராஜேந்திரனையும் அடைத்துவிடுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள். நீரால் நினைவுச்சின்னம் வைத்தவன் ராஜேந்திரன்தான். கங்கை வெற்றியின் நினைவாகக் கொள்ளிடத்துக்கு வடக்கே, கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீர்மயமான வெற்றித்தூண் என்கிறது. இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர். ரவுண்டானாவில் எழுத இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் துளைகள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஆற்றுநீரை நம்புவதானால், மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மூடிய பிறகும் தண்ணீரைத் தேக்கி வைத்தால் கொசுதான் மிச்சம். மூடியதும் தொட்டியை வடித்துக் காயவிடுங்கள். குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் சித்திரையில் நீரூற்று ஓடினால் ஊர் திட்டும், அதுவும் நியாயமாகத்தான்.