ஒகுலரில் காணாமல் போன குறிப்புகள்

என் பழைய லினக்ஸ் மடிக்கணினியில் இருப்பது ஒகுலர் என்ற பிடிஎஃப் படிக்கும் மென்பொருளின் 17.12-க்கு முந்தைய பதிப்பு. திருத்த முடியாத பிடிஎஃப் ஒன்றில் எழுதிய குறிப்புகள் ஒருநாள் மறைந்துவிட்டன. மஞ்சள் கோடுகூட மிஞ்சவில்லை. அனுமதிகளைப் பார்த்தேன். ஒகுலரை நீக்கி மறுபடி நிறுவினேன். காப்பு நகலை அதே கோப்பின் மேல் எழுதினேன். மூன்று நாள் போயிற்று.

கடைசியில், இந்தப் பழைய ஒகுலர் குறிப்புகளைப் பிடிஎஃப்புக்கு வெளியே சேமித்து வைக்கும் ‘டாக்டேட்டா’ என்ற உள்கோப்புறையைத் திறந்தேன். ஆவணத்துக்கு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு; அதன் பெயரில் முதலில் பிடிஎஃப்பின் பைட் அளவு, ஒரு புள்ளி, பிறகு பிடிஎஃப்பின் பெயர். என் பிடிஎஃப்பின் அளவான 482113 என்று தொடங்குபவை மட்டும் இரண்டு இருந்தன! ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, முந்தைய வாரம் பிடிஎஃப்பின் பெயரிலிருந்த இடைவெளிகளை அடிக்கோடாக மாற்றியவன் நான்தான்; பெயர் மாறியதும் ஒகுலர் பழைய எக்ஸ்எம்எல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஒகுலரை மூடி, புதிய எக்ஸ்எம்எல்லை அழித்து, பழையதற்கு அந்தப் புதியதன் பெயரைச் சூட்டினேன். குறிப்புகள் அத்தனையும் வந்துவிட்டன, அப்பாடா.