திறப்பு விழா முடிந்தது, திறப்பு எங்கே?

திருகோணமலையில் பாடசாலைகளுக்குக் கணினி வாங்கித் தர ஆட்களுக்குக் குறைவில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய மாணவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எத்தனை கொம்பியூட்டர் வேணும்?” பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. கணினிக் கூடத்தின் திறப்பு, அதாவது சாவி, யார் கையில் இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலைக்கு உதவிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு கணினிகள், எல்லாவற்றுக்கும் பொலித்தீன் உறை. திறப்பு விழாவன்று கட்டிய ரிப்பனில் ஒரு துண்டு கதவு நிலையின் ஆணியில் இன்னும் தொங்கியது. கற்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள். “பழுதாப் போனா ஆர் பதில் சொல்லுறது?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; பொருட்பதிவேட்டில் கையெழுத்து வைத்தவர் அவர்தானே. பாவனையில் பழுதானால் யார் திருத்துவது, காசு எங்கிருந்து வரும் என்பதைக் கொடுக்கிற அன்றே எழுதி வைத்துவிட வேண்டும். அப்புறம், ஓர் ஆசிரியரை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று பேரைப் பழக்க வேண்டும். கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்ச் மென்பொருளைக் கணக்கு ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கலாம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம்கூடத் தேவையில்லை.

சரி, கதவு திறந்தாயிற்று. ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள். மவுஸ் யார் கையில்? வீட்டில் கணினி இருக்கிற பிள்ளையின் கையில். மற்ற இருவரும் நாற்பது நிமிடமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பதிவேட்டில் மூன்று பேருக்கும் வரவு விழுந்திருக்கும். ஒருவர் சொல்ல, அடுத்தவர் செய்ய, மூன்றாமவர் பிழை பிடிக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். சொல்பவர் மவுஸைத் தொடக் கூடாது. முதல் இரண்டு பாடவேளையும் சத்தம் காதைப் பிளக்கும், பரவாயில்லை.

பெரிய அநியாயம் சத்தமில்லாமல் நடப்பது தரம் 10இல். சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கட்டாயப் பாடமல்ல. விவசாயம், மனைப்பொருளியல் போன்றவற்றோடு ஒரே தொகுதியில் கிடக்கும் தெரிவுப் பாடம். கூடத்தில் இடம் போதாவிட்டால் கணக்குப் புள்ளியைப் பார்த்து வடிகட்டுகிறார்கள். ரியூசனுக்குப் போக வசதியுள்ள பிள்ளை உள்ளே வந்துவிடும். பெண் பிள்ளையிடம் கேட்காமலே மனைப்பொருளியல் என்று எழுதிவிடுவதையும் கண்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, பழக்கம்தான். விருப்பத்தைக் கேளுங்கள். கேட்பவர்கள் கூடிவிட்டால் சீட்டுக் குலுக்குங்கள். பெற்றோர் கோபிப்பார்கள், இருந்தாலும் அதுதான் நேர்மை.

கணினி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருப்பதும் வீண். நியூசிலாந்தின் கன்ரபரி பல்கலைக்கழகத்தில் கணினியே இல்லாமல் கணினியியல் கற்பிக்கும் விளையாட்டுகளை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றுக்குப் பழைய கொப்பி மட்டை போதும். ஐந்து துண்டாக வெட்டி, வரிசையாக 16, 8, 4, 2, 1 புள்ளிகள் வையுங்கள். பிறந்த திகதி 19 என்றால் 16, 2, 1 மூன்றையும் காட்டி, மற்ற இரண்டையும் கவிழ்க்க வேண்டும். காட்டியது ஒன்று, கவிழ்த்தது பூச்சியம்: கணினியின் இரும எண்ணில் 10011. மாதத்தின் 31 நாளும் அந்த ஐந்து மட்டைக்குள் அடங்கிவிடும். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் ஒருவர் பிறந்தநாளை மற்றவர் கண்டுபிடித்துக் கத்துவதைப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலம் வந்தால்தான் நிரல் எழுத வரும் என்று மிரட்டவும் வேண்டாம். பைதன் என்ற நிரல்மொழியில், மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘நிறை’யை ‘விலை’யால் பெருக்கி மீன் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு மிச்ச ஆங்கிலச் சொற்கள் போகப் போக வரும்.

கடைசியாக, மழைக்காலம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இங்கே இடி மின்னல் அதிகம். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பாடசாலை விடும்போதே பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிட வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் முறை வைத்துக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு அவர்களிடமும் ஒரு திறப்பு இருக்க வேண்டும்.